ஆறு மரத்து இனிப்பு

அப்பா தலைநகர்த் தீவான தராவாவின் ஆஸ்பத்திரியில் இரண்டு கால்விரல்களை விட்டுவிட்டு ஊர் திரும்பினார். விமானத்திலிருந்து இறங்கி, என் தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்று, முதலில் கேட்டது தென்னம்பாகு.

தம்பி புவெரே என்னைப் பார்த்தான். கூடாது என்று கண்ணைக் காட்டினேன். அப்பா அதைக் கவனித்துவிட்டார்.

"நர்ஸம்மா உத்தரவு போட்டாச்சு" என்றார்.

நான் நர்ஸ் இல்லை. ஊர் மருந்தகத்தில் உதவியாள். நர்ஸ் தீவின் வடகோடியில் இருந்தார். மாதம் ஒருமுறை படகில் வருவார். மற்ற நாட்களில் காயத்துக்குக் கட்டுப் போடுவதும், குழந்தைகளை எடை பார்ப்பதும், விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதும் என் வேலை. பத்தொன்பது வருடமாக அதைத்தான் செய்கிறேன்.

தராவாவிலிருந்து அப்பாவோடு ஒரு காகிதம் வந்திருந்தது. பாகு, சர்க்கரை, மாவுப் பண்டம் கூடாது. சோறு பாதி. மீன் வேண்டிய அளவு. தேங்காய்ப்பால் கொஞ்சம். இளநீர் நாளுக்கு ஒன்று போகலாம். மாத்திரை காலையில் இரண்டு, மாலையில் ஒன்று. அடியில் மருத்துவர் கையால் எழுதியிருந்தார்: அடுத்தது பாதம்.

அதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கடைசி வரியை இரண்டு முறை வாசித்தேன்.

அவர் நாற்பது வருடம் தென்னம்பாளை சீவியவர். விடிகாலையில் ஒருமுறை, வெயில் தாழ்ந்ததும் ஒருமுறை. ஆறு மரம். இறக்கிய பதநீரை அம்மா இருந்தவரை அம்மா காய்ச்சினாள். பிறகு புவெரேயின் மனைவி கதரீனா காய்ச்சினாள். சிவந்து கெட்டியான பாகைப் புட்டியில் ஊற்றிக் கூரையில் தொங்கவிடுவார்கள். அப்பா அதைத் தண்ணீரில் கலந்து நாளுக்கு ஆறு கோப்பை குடிப்பார். சோற்றின் மேல் ஊற்றிக்கொள்வார். சுட்ட சீமைப்பலாவை அதில் தோய்ப்பார். எங்கள் தீவில் யாரும் இதை அதிகம் என்று சொல்லமாட்டார்கள்.

காகிதத்தைக் கேட்டு முடித்ததும் அப்பா சொன்னார். "சர்க்கரை கப்பல்ல வருது. அது கெடுதல், ஒத்துக்கறேன். பாகு மரத்துல வருது. என் அம்மா எனக்குப் பாலுக்கு அடுத்து ஊட்டினது பதநீர். அது எப்படி என் காலைத் தின்னும்?"

பதநீர் பதநீராக இருக்கும்வரை அவர் சொல்வதில் கொஞ்சம் உண்மை உண்டு. பாலுக்கு வழியில்லாத குழந்தைகளை அது பிழைக்க வைத்திருக்கிறது. ஆனால் ஒரு புட்டிப் பாகுக்கு ஏழெட்டுப் புட்டிப் பதநீர் வற்ற வேண்டும். வற்றியபின் மிஞ்சுவது சர்க்கரை. கப்பலில் வந்ததா, மரத்தில் வந்ததா என்று இரத்தம் கேட்பதில்லை. இதையும் சொன்னேன். அவர் காலைத் தடவிக்கொண்டு கடலைப் பார்த்தார்.

அன்று மாலை கதரீனா வீட்டிலிருந்த புட்டிகளை எல்லாம் அவள் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

முதல் மாதம் சர்க்கரை பதினெட்டு. எங்கள் கருவியின் கணக்கில் ஏழுக்குக் கீழே இருக்க வேண்டும். இரண்டாம் மாதமும் பதினெட்டு. வீட்டில் பாகு இல்லை. சோறு பாதியாகிவிட்டது. மாத்திரையைக் கதரீனா தன் கையால் கொடுக்கிறாள். எனக்கு விளங்கவில்லை. பிறகு, மாலை நேரங்களில் அப்பா கம்பை ஊன்றிக்கொண்டு ஊருக்குள் நடந்து போகிறார் என்று தெரிந்தது. நடப்பது நல்லது என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

பெரியப்பா பவுரோ வீட்டில் போய்க் கேட்டேன், அப்பாவுக்குப் பாகு கொடுக்கிறீர்களா என்று.

"நான் எங்க குடுத்தேன்? அவன் புபுசின்னான்."

எங்கள் ஊரில் அந்த ஒரு சொல் போதும். சொந்தக்காரன் ஒருவன் உன்னிடம் இருக்கும் பொருளைக் காட்டிப் புபுசி என்று கேட்டால் கொடுக்க வேண்டும். சட்டை, தோணி, பன்றி, எதுவாக இருந்தாலும். மறுத்தவனைப் பற்றி ஊர் பேசும். அவன் செத்த பிறகும் பேசும்.

"அவருக்குச் சர்க்கரைன்னு தெரியும்ல பெரியப்பா?"

"தெரியும். அதனாலதான் ஒரு கோப்பை. வேற ஆளா இருந்தா புட்டியோட குடுத்திருப்பேன்."

அவர் வீட்டில் ஒரு கோப்பை. அடுத்த வீட்டில் ஒன்று. தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் அத்தை வீட்டில் ஒன்று. ஏழு வீடு விசாரித்தேன். ஏழு வீட்டிலும், தங்கள் வீட்டில் மட்டும்தான் கேட்கிறார் என்று நினைத்திருந்தார்கள். கொடுக்காதீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கெஞ்சினேன். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, அவன் வாயால் கேட்டபிறகு இல்லை என்று எப்படியடி சொல்வது, அந்தச் சொல்லை எங்கே கற்றுக்கொள்வது என்றாள்.

தம்பி வீட்டுக்குப் போய்க் கதரீனாவிடம் புலம்பினேன். அவள் பாய்க்குத் தாழை ஓலை வகிர்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அவர் கேக்கறாரு, ஊரே குடுக்குது. நீங்களும் கேளுங்களேன் அண்ணி. உங்களுக்கு மட்டும் வாய் இல்லியா?"

கிண்டலாகத்தான் சொன்னாள். எனக்கு இரண்டு நாள் அது தலையில் இருந்தது.

தேவாலயத் திருநாளன்று ஊர்ப் பொதுக்கூடமான மனியாபாவில் விருந்து. அந்தப் பெரிய கூரையின் கீழே ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதனதன் இடம். முன்வரிசையில் கிழவர்கள். அவர்களுக்குப் பின்னால் நாங்கள். சாப்பாடு முடிந்து, பேச்சுகள் முடிந்து, ஆட்டத்துக்குப் பாய் விரிக்கும் நேரத்தில் நான் எழுந்தேன். பெண்கள் அங்கே பேசக் கூடாது என்றில்லை. பேசுவதில்லை.

அப்பா திரும்பிப் பார்த்தார்.

"அப்பா, உங்ககிட்ட ஒரு புபுசி" என்றேன்.

பாய் விரித்தவர்கள் நிமிர்ந்தார்கள். வீட்டுக்குள் கேட்க வேண்டியதை ஊர் நடுவில் கேட்கிறேன். அதுவும் மகள்.

"உங்க ஆறு மரத்துல வர்ற இனிப்பு முழுக்க எனக்கு வேணும். பதநீர், பாகு, இளநீர், எல்லாம். வேற மரத்துல இருந்து உங்க கைக்கு வந்தா, அதுவும் எனக்கு."

இளநீரையும் சேர்த்தேன். காகிதத்தில் நாளுக்கு ஒன்று போகலாம் என்று இருந்தது. அது எனக்குத் தெரியும். ஒன்றை விட்டுவைத்தால் அது ஏழு வீட்டில் ஏழாகும் என்று கணக்குப் போட்டேன். நிற்கும்போது அந்தக் கணக்கு சரியாக இருந்தது.

பெரியப்பா பவுரோ தொண்டையைச் செருமினார். அப்பா கூரையைப் பார்த்தார், பிறகு என்னை.

"எடுத்துக்க" என்றார். பிறகு ஊரைப் பார்த்து, "நாப்பது வருஷமா மரம் மரமா ஏறி இறக்கினேன். இவ உக்காந்த இடத்துல இருந்து எந்திரிச்சா, மொத்தத்தையும் இறக்கிட்டா."

எல்லோரும் சிரித்தார்கள். கை தட்டினார்கள். அவரும் சிரித்தார். நான் உட்கார்ந்தேன். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அன்றிலிருந்து அவர் இனிப்பைத் தொடவில்லை.

மாலை நடையை விடவில்லை. பழைய வீடுகளுக்குத்தான் போனார். உட்கார்ந்தார், பேசினார். வழக்கம்போல் கோப்பையை நீட்டினால், அது என் மகளுடையது என்றார். முதலில் வேடிக்கையாகச் சொன்னார். போகப் போக வேடிக்கை குறைந்தது. வெயிலில் வந்த விருந்தாளிக்கு இளநீர் சீவும்போது அவருக்கும் ஒன்று சீவுவார்கள். கையைக் கவிழ்த்துக் காட்டுவார். மழைத்தண்ணீர் குடிப்பார்.

புவெரே தினமும் மாலையில் ஒரு புட்டிப் பாகை என் வீட்டில் வைத்துவிட்டுப் போனான். நான் வேண்டாம் என்றேன். வேண்டாம் என்று சொல்லும் உரிமை உனக்கும் இல்லை என்றான். பாதியைத் திருப்பி அவர்கள் வீட்டிலேயே வைக்கச் சொன்னேன், குழந்தைகளுக்கு ஆகட்டும் என்று. கூரையில் மறுபடி புட்டிகள் தொங்கின. அப்பா அதன் கீழே படுத்துத் தூங்கினார். அவை என்னுடையவை.

பதினெட்டு பதின்மூன்றானது. பதின்மூன்று ஒன்பதானது. விருந்துக்குப் பிறகு மூன்றாம் மாதம் ஆறு. காயம் ஆறித் தோல் மூடியது. அந்த எண்ணை மருந்தகச் சுவரில் கரியால் எழுதி வைத்தேன். வருகிறவர்களிடம் காட்டினேன். பேசினால் கேட்காத மனிதர் எங்கள் அப்பா, பாருங்கள் என்றேன்.

மாத்திரை மட்டும் மாறவில்லை. காலையில் இரண்டு, மாலையில் ஒன்று. ஆறு கோப்பைப் பாகு குடித்த உடம்புக்கு எழுதிய மாத்திரை. அவர் இப்போது ஒரு கோப்பையும் குடிப்பதில்லை. மாத்திரையைக் குறைக்க எனக்கு அதிகாரம் இல்லை. நர்ஸிடம் கேட்க வேண்டும். அந்த மாதம் நர்ஸின் படகு எந்திரம் பழுதாகிவிட்டது. வானொலியில் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். அதற்குக் கால்மணி நேரம் ஆகும். நான் சுவரில் எழுதிய ஆறைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் மதியம் அவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். சட்டை நனைந்திருந்தது. விரல்கள் நடுங்கின. என்ன என்று கேட்டால் பதில் சம்பந்தமில்லாமல் இருந்தது. வீட்டில் சர்க்கரை இருந்தது. இரண்டு கரண்டி கரைத்துக் கொடுத்தேன். கடைச் சர்க்கரை, மரத்தது இல்லை. குடித்தார். கால்மணியில் சரியாகிவிட்டார். கதரீனாவிடம் சொல்லி வைத்தேன். வியர்த்தால், நடுங்கினால், உளறினால், உடனே சர்க்கரைத் தண்ணீர். அவள் கவனமாகக் கேட்டாள். நர்ஸ் வந்ததும் மாத்திரையைப் பேச வேண்டும் என்று நினைத்தேன்.

சரக்குக் கப்பல் வரவில்லை. நர்ஸின் படகுக்கு வர வேண்டிய உதிரிப் பாகமும் அதோடு நின்றது. ஆறு வாரம் ஆயிற்று. கடையில் முதலில் மாவு தீர்ந்தது, பிறகு சர்க்கரை, பிறகு அரிசி. யாரும் பட்டினி கிடக்கவில்லை. மீன் இருந்தது, தேங்காய் இருந்தது, பள்ளம் தோண்டிப் பயிரிடும் கிழங்கு இருந்தது. அப்பாவுக்குக் கிழங்கு தொண்டையில் இறங்காது. மீனோடு நிறுத்திக்கொண்டார்.

அந்த வியாழக்கிழமை நான் தெற்கே அடுத்த தீவுத் திட்டுக்குப் போயிருந்தேன், குழந்தைகளுக்கு ஊசி போட. தண்ணீர் வற்றியிருக்கும்போது நடந்து கடந்துவிடலாம். ஏறினால் தோணி வேண்டும். புவெரே விடிவதற்கு முன்பே மீன் பிடிக்கப் போயிருந்தான்.

நடந்ததைக் கதரீனா பிறகு சொன்னாள். பல முறை சொன்னாள். நான் பல முறை கேட்டேன்.

காலையில் மாத்திரை இரண்டும் போட்டார். ஒரு துண்டு மீன் தின்றார், மீதியை வைத்துவிட்டார். ஒன்பது மணிக்கு வியர்த்தது. அவள் உடனே புரிந்துகொண்டாள். சர்க்கரை டப்பா காலி. பக்கத்து வீட்டிலும் இல்லை. கூரையிலிருந்து பாகுப் புட்டியை இறக்கித் தண்ணீரில் கரைத்துக் கொண்டுவந்தாள். நான் சொன்னதைவிட நன்றாகச் செய்தாள்.

அப்பா வாயை மூடிக்கொண்டார்.

"அது அரொய்தாவோடது" என்றார், என் பெயரைச் சொல்லி.

அண்ணிதான் கொடுக்கச் சொன்னாங்க மாமா என்றாள். அவள் சர்க்கரையைத்தான் கொடுக்கச் சொன்னாள், இந்தப் பாகைக் கேட்டு வாங்கிக்கொண்டாள் என்றார் அப்பா. அவ்வளவு தெளிவாகப் பேசினாராம். அவள் ஓடிப்போய் இளநீர் ஒன்றை வெட்டி வந்தாள். அதையும் தள்ளினார். கோப்பையை வாயருகே வைத்தபோது கையைத் தட்டிவிட்டார். அதுவரை அவர் அவள்மேல் கை ஓங்கியதில்லை. அவள் கத்திப் பவுரோவைக் கூப்பிட்டாள். பவுரோ வந்தார். குடிடா என்றார். அப்பா தலையை அசைத்தார்.

"அவ குடுத்தா குடிக்கிறேன். போய்க் கேட்டுட்டு வா."

கதரீனா என்னிடம் கேட்க வந்தாள்.

இதை நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்துவிட்டேன். பவுரோ அவர் கையைப் பிடித்திருக்கலாம். கதரீனா வாயில் ஊற்றியிருக்கலாம். வேறு ஊராக இருந்தால் அப்படித்தான் செய்திருப்பார்கள். இங்கே ஒரு மனிதன் தன் வாக்கைக் காக்கும்போது அவன் கையைப் பிடிக்கமாட்டார்கள். கதரீனா முடிந்ததைச் செய்தாள். பாகுக்கு உரியவளிடம் கேட்கப் போனாள்.

தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது. இடுப்பளவு நீரில் கடந்து வந்தாள். நான் கடைசிக் குழந்தைக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். பதினொரு மணி. அவள் முகத்தைப் பார்த்ததும் ஊசியைக் கீழே வைத்தேன். அவளுக்கு மூச்சு வாங்கியது.

"மாமா கேக்கறாரு. பாகு குடிக்கலாமான்னு."

தோணி தேடி, ஆள் தேடி, திரும்பிச் சேர ஒன்றரை மணி ஆயிற்று. அவர் பாயில் ஒருக்களித்துக் கிடந்தார். பாய் முழுக்க ஈரம். குறட்டை மாதிரி ஒரு சத்தம். பவுரோ விசிறிக்கொண்டிருந்தார். தூங்குகிறான் என்றார்.

விரலில் பாகைத் தொட்டு அவர் கன்னத்தின் உட்பக்கம் தேய்த்தேன். பல் இறுகியிருந்தது. உதட்டுக்கும் பல்லுக்கும் நடுவே விட்டுத் தேய்த்தேன். குடுத்துட்டேன் அப்பா, எல்லாம் உங்களுக்குத்தான், குடுத்துட்டேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் நின்றவர்கள் நான் ஜெபம் செய்வதாக நினைத்தார்களாம்.

நான்கு மணிக்குக் கண் திறந்தார். பார்வை என்மேல் பட்டது, நிற்கவில்லை.

சனிக்கிழமை விமானத்தில் தராவாவுக்குக் கொண்டுபோனோம். மருத்துவர் என்னைத் தனியாக உட்கார வைத்துப் பேசினார். மூளை மணிக்கணக்காகப் பட்டினி கிடந்துவிட்டது என்றார். பாகை விட்டபிறகு மாத்திரை குறைக்கப்பட்டதா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் எழுதிக்கொண்டார். அவர் முகத்தில் கோபம் இல்லை. இன்னொன்றும் சொன்னார். சர்க்கரை தாழும்போது மனிதர்கள் பிடிவாதம் பிடிப்பார்கள், கொடுப்பதைத் தட்டிவிடுவார்கள், அடிக்கக்கூட வருவார்கள், அது நோயின் குறி என்றார்.

ஆக, வாயை மூடிக்கொண்டது என் அப்பாவா, அவர் இரத்தமா என்பது எனக்குத் தெரியாது. அந்தப் பதிலைத் தரக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

அதற்குப் பிறகு ஐந்து மாதம் இருந்தார். பாதம் கடைசிவரை நன்றாக இருந்தது. யாரையும் அடையாளம் தெரியவில்லை. கரண்டியைக் கண்டால் வாயைத் திறப்பார். எதை ஊட்டினாலும் விழுங்குவார், இனிப்போ கரிப்போ, அவருக்கு ஒன்றுதான். தினமும் மாலையில் ஒரு இளநீர் வெட்டிக் கரண்டி கரண்டியாக ஊட்டினேன். நாளுக்கு ஒன்று. காகிதத்தில் இருந்தபடி. நெஞ்சில் சளி கட்டி ஒரு விடிகாலையில் போய்விட்டார்.

அடக்கம் முடிந்து மனியாபாவில் ஊர் கூடியபோது பவுரோ பேசினார். நீண்ட பேச்சு இல்லை. தன் தம்பி தெகரவாவிடம் மகள் கேட்டாள், தெகரவா கொடுத்தான், சாவு வந்து பக்கத்தில் உட்கார்ந்தபோதும் கொடுத்ததைத் தொடவில்லை, நான் பார்த்தேன் என்றார். கிழவர்கள் பாயைத் தட்டினார்கள். புவெரே அழுதான். அப்பா செத்த அன்றுகூட அவன் அழவில்லை.

அந்தப் பேச்சு ஊரில் தங்கிவிட்டது. பக்கத்து ஊர்களுக்கும் போயிற்று. கொடுத்த வாக்கைப் பற்றிப் பேச்சு வந்தால் அப்பாவின் பெயர் வரும். அதைக் கேட்கும்போதெல்லாம் எழுந்து வெளியே போவேன். வருத்தத்தில் போகிறேன் என்று வழிவிட்டார்கள்.

எட்டு மாதம் கழித்து ஒரு பிற்பகல், மருந்தகத்துக்கு தியாரே என்பவரைத் தூக்கி வந்தார்கள். ஐம்பது வயது, சர்க்கரைக்காரர். இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. கண் குழிந்து, நாக்கு காய்ந்திருந்தது. உப்புத்தூள் பொட்டலம் தீர்ந்திருந்தது. வெளியே மரத்தில் இளநீர் தொங்கியது. பச்சைக் காயாக இரண்டு பறித்து வரச் சொன்னேன். உப்புக்கல் போட்டு முதல் காயை அவர் கையில் கொடுத்தேன்.

அவர் வாங்கவில்லை.

"எனக்குச் சர்க்கரை இருக்கு."

இருக்கட்டும், இப்போது இது வேண்டும், குடியுங்கள் என்றேன்.

"தெகரவா குடிக்கலியே."

அவர் மனைவி பக்கத்தில் நின்றாள். சர்க்கரை என்று தெரிந்த நாளிலிருந்து அவர் இளநீர் தொடுவதில்லை என்றாள் பெருமையாக. அவர் மட்டும் இல்லை, அண்ணனும் விட்டுவிட்டார், தெற்குத் தெருவில் இன்னும் மூன்று பேர். மாத்திரை போட்டுவிட்டு மயக்கம் வந்தாலும் இனிப்பு தொடுவதில்லை என்று சபதம். உங்கப்பா மாதிரி என்றாள்.

தியாரேயை அதட்டிக் குடிக்க வைத்தேன். அழுதுகொண்டே குடித்தார். பிழைத்துவிட்டார்.

அடுத்த கூட்டத்துக்கு மனியாபாவுக்குப் போனேன். எங்கள் குடும்பத்தின் இடத்தில், இரண்டாம் வரிசையில் எழுந்து நின்றேன். இளநீர் நாளுக்கு ஒன்று குடிக்கலாம் என்று மருத்துவர் எழுதியிருந்தார், அதை உங்களிடம் மறைத்து நான் எல்லாவற்றையும் கேட்டேன் என்றேன். மாத்திரையைக் குறைக்க வழி தேடியிருக்க வேண்டும், தேடவில்லை என்றேன். மயக்கம் வரும்போது பாகுதான் மருந்து, யார் புட்டி என்று பார்க்காதீர்கள் என்றேன். கடைசியாகச் சொல்ல வேண்டியதையும் சொன்னேன். சர்க்கரை தாழ்ந்தவன் எதைக் கொடுத்தாலும் தட்டிவிடுவான், அது வாக்கு இல்லை, நோய். அப்பா தட்டிவிட்டதும் நோயாக இருக்கலாம்.

யாரும் பாயைத் தட்டவில்லை. பவுரோ தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் வேறு விஷயம் எடுத்தார், கிணற்றுச் சுவர் பற்றி.

திரும்பும்போது புவெரே எனக்கு முன்னால் நடந்தான். வழக்கமாகச் சேர்ந்து நடப்போம். அவன் வீடு வந்ததும் நின்றான்.

"நீ சொன்னது தப்புன்னு சொல்லல அக்கா. சொல்லித்தான் ஆகணும். தியாரே செத்திருப்பான்."

பிறகு என் பக்கம் திரும்பினான்.

"அவருக்குன்னு மிச்சம் இருந்தது வாக்குக் காத்தவர்ங்கற அந்தப் பேரு ஒண்ணுதான். அதையும் ஊர் நடுவுல நின்னு வாங்கிக்கிட்ட."

அவன் உள்ளே போனான். கதரீனா விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று கூப்பிட்டாள். நான் போகவில்லை.